ஸ்காலர்ஷிப் இல்லாமல் கல்லூரி ஃபுட்பால் அணியில்: வாக்-ஆனாக இருந்தவர்கள் யாரேனும் உண்டா?

ஹூஸ்டன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அணியில் லைன்பேக்கராக, அதாவது தடுப்பு வரிசையின் பின்னால் நின்று எதிரணியை மடக்குபவனாக ஆடுகிறான். நான் சொல்வது நம் ஊர்க் கால்பந்தை அல்ல, ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து மோதும் அமெரிக்க ஃபுட்பாலை.

ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, ஸ்காலர்ஷிப் தர இயலாது, ஆனால் 'ப்ரிஃபர்ட் வாக்-ஆன்' என்ற முறையில் அணியில் இடம் உண்டு என்று கூறினார். அன்றிலிருந்து பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹூஸ்டனின் தொழில்முறை அணியான டெக்சன்ஸில் புகழ்பெற்ற ஜே. ஜே. வாட்டும் இப்படித்தான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார் என்று நாள்தோறும் சொல்கிறான். டெக்சன்ஸ் அணியைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் அதற்கு மறுமொழி சொல்வது எளிதாக இல்லை. இன்னொரு பக்கம், கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் 3இல் உள்ள ஒரு கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டணத்தில் பாதியைக் குறைப்பதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. புகழ்பெற்றவர்களின் கதைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அவை வேண்டாம். வாக்-ஆனாக இருந்து, பெரிய பெயர் எதுவும் எடுக்காமல் வெளியே வந்த ஒருவருக்கு அந்த நான்கு ஆண்டுகள் அன்றாடம் எப்படிக் கழிந்தன என்பதைக் கேட்க விரும்புகிறேன்.

பழைய 49

ஐயா, நீங்கள் தேடுகிற ஆள் நான்தான். 2003 முதல் 2007 வரை மத்திய மேற்கில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாக்-ஆனாக இருந்தேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை; சில மனக்குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மகனுக்கு வந்ததைப் போல எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. பிப்ரவரி மாதத்தில் உள்ளரங்கில் நடந்த தேர்வுக்குப் போன நாற்பது மாணவர்களில் நானும் ஒருவன். 40 யார்டு ஓடவிட்டார்கள், கூம்புகளைச் சுற்றி ஓடவிட்டார்கள், யாரிடமும் எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை உபகரண அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது என் பெயர், இரண்டு எழுத்துப் பிழைகளுடன். 49 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். கல்லூரி ஃபுட்பாலில் இருவர் ஒரே எண்ணை அணியலாம், ஒரே நேரத்தில் களத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் அணியின் இன்னொரு 49 ஒரு ஃபுல்பேக். என் அம்மா முதல் இரண்டு ஆட்டங்களில் அவனைப் பார்த்துத்தான் கை தட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

வாக்-ஆனின் வாழ்க்கை சனிக்கிழமையில் இல்லை. செவ்வாயிலும் புதனிலும் இருக்கிறது. வரும் சனிக்கிழமை எதிர்த்து ஆடப்போகும் அணியைப் போலவே நடித்துக் காட்டுவதற்கு ஒரு கூட்டம் தேவைப்படும். அதற்குப் பெயர் ஸ்கவுட் டீம். ஓர் உதவிப் பயிற்சியாளர், மார்க்கரில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்த அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். பதினொரு பேரும் அதைச் சில நொடிகள் பார்ப்போம், உங்கள் வட்டம் எங்கே போகிறதோ அங்கே நீங்கள் போக வேண்டும். அடுத்த அட்டை, அடுத்த மோதல். எதிரணியின் முக்கிய ஆட்டக்காரனாக நடிப்பவன் அவனுடைய எண் போட்ட மெல்லிய மேல்சட்டையைத் தன் ஜெர்சியின் மீது மாட்டிக்கொள்வான். நான்கு ஆண்டுகளில் நான் பெரும்பாலும் 49 ஆக இருந்ததில்லை. வாரத்துக்கு ஓர் எண்ணாக, வேறு யாரோவாக இருந்தேன்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. முழு வேகத்தில் மோதினால், சனிக்கிழமைக்கு உடம்பைக் காப்பாற்ற வேண்டிய முதல் அணிக்காரன் முறைப்பான், சில வேளை ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பான். வேகத்தைக் குறைத்தால், இப்படி ஆடினால் இவர்கள் எப்படித் தயாராவார்கள் என்று பயிற்சியாளர் கத்துவார். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பது எனக்குப் பழமொழியாக அல்ல, செவ்வாய்க்கிழமையாகத்தான் தெரியும்.

ஒரு வாரத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு எதிரணியின் நடு லைன்பேக்கர், எண் 54, எங்களை மிகவும் பயமுறுத்தினான். நான் அவனாக நடிக்க வேண்டியிருந்ததால் அவனுடைய ஆட்டப் பதிவுகளை இரவில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவன் பின்னால் நிற்பதைப் போலப் பாவனை செய்து, திடீரென்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் முன் ஒரு காலை அரை அடி பின்னால் வைக்கிறான் என்பதைக் கவனித்தேன். அட்டையில் அது இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் 54 ஆக இருக்கும்போது நானும் காலை அப்படி வைத்தேன், அவ்வளவுதான். புதன்கிழமை எங்கள் சென்டர் (குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று அவனிடம் பந்தைக் கொடுப்பவன்), "ஏன் அப்படிச் செய்துகொண்டே இருக்கிறாய்?" என்று எரிச்சலுடன் கேட்டான். "அவன் செய்கிறான்" என்றேன். சனிக்கிழமை மூன்றாம் கால்பகுதியில் 54 காலைப் பின்னால் வைத்ததுமே எங்கள் சென்டர் கையை நீட்டிக் கத்தினான், பாய்ந்து வந்தவனை நெஞ்சோடு தடுத்தான், பந்து முப்பது யார்டு பறந்து கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் என்னிடம் வந்து நன்றி எதுவும் சொல்லவில்லை. எல்லைக்கோட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது தன் காலை அரை அடி பின்னால் வைத்துக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

இனி மனக்குறைகள். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் அந்நாளைய விதிப்படி, மாலைப் பயிற்சிக்குப் பின் அணிக்கென்று சமைத்து வைத்த உணவு ஸ்காலர்ஷிப் பெற்றவர்களுக்குத்தான் இலவசம். எங்களைப் போன்றவர்கள் பணம் கொடுத்தால் சாப்பிடலாம். ஒன்றாக அடிபட்டவர்கள் ஒன்றாக மாடிப்படி வரை வருவோம். அவர்கள் மேலே போவார்கள், நான் என் அறைக்குப் போய், அம்மா பாட்டிலில் அடைத்து அனுப்பிய புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவேன். (தொண்ணூற்றைந்து கிலோ உடம்பைப் புளியோதரையால் காப்பாற்றிய லைன்பேக்கர் நானாகத்தான் இருப்பேன்.) 2014 ஏப்ரலில்தான் இந்த விதியை மாற்றி, வாக்-ஆன்களுக்கும் உணவு தரலாம் என்றார்கள். அதுபோலவே ஆகஸ்ட் முகாமுக்கு 105 பேர் என்று வரம்பு இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் என்னை அழைக்கவில்லை. வகுப்புகள் தொடங்கிய நாளில், மற்றவர்கள் மூன்று வாரம் ஒன்றாக வியர்த்த பிறகு, திருமணம் முடிந்து மண்டபத்துக்குள் நுழையும் விருந்தாளியைப் போல வந்து நின்றேன். வெளியூர் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் என்னை அழைத்துச் செல்லவில்லை. விடுதியில் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

2006 வசந்தகாலப் பயிற்சியில் தோள்பட்டை இறங்கிவிட்டது. முதல் பணம் என் அப்பாவின் காப்பீட்டிலிருந்துதான் போனது. பல்கலைக்கழகத்தின் காப்பீடு மிச்சத்துக்கு. அதற்கே நான்கு மாதங்கள் கடிதம் எழுத வேண்டியிருந்தது. உங்கள் மகன் எங்கே போனாலும், காயம் பட்டால் யார், எவ்வளவு, எதுவரை கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தலையில் படும் அடியைப் பற்றியும் கேளுங்கள். ஸ்கவுட் டீமில் இருப்பவன் சனிக்கிழமை ஆடாவிட்டாலும் வாரம் முழுதும் மோதுகிறான். அந்தக் கணக்கை யாரும் வைப்பதில்லை.

நான்கு ஆண்டுகளில் மூன்று ஆட்டங்களில் களத்தில் இறங்கினேன், எல்லாம் வெற்றி உறுதியான பிறகு. மொத்தம் ஒன்பது முறை. எனக்கு ஸ்காலர்ஷிப் வரவே இல்லை. திருநெல்வேலியில் இருந்த ஆச்சி ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் "இந்த வாரமாவது உன்னை ஆட விட்டார்களா?" என்று கேட்பார். அதற்கு மட்டும் சரியான பதில் என்னிடம் கடைசிவரை இல்லை.

லிங்கன் வாசகர்

மேலே எழுதியவர் சொன்ன அனுபவத்துக்கு ஒரு பின்னணியைச் சேர்க்கிறேன். நான் நெப்ராஸ்காவில் வசிப்பவன். இங்கே வாக்-ஆன் என்பது கிட்டத்தட்ட மாநிலத்தின் மரபு. நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்குப் பாப் டெவேனி பயிற்சியாளராக இருந்த காலத்தில் வேர்விட்டு, அவருக்குப் பின் வந்த டாம் ஆஸ்போர்ன் காலத்தில் தழைத்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் ஆடிய பண்ணைவீட்டுப் பிள்ளைகள், வேறிடத்தில் ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் அதை விட்டுவிட்டுச் சொந்தச் செலவில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனுக்கு வருவார்கள். இதற்கு விதிகளும் ஒரு காரணம். 1970களில் ஓர் அணிக்கு 105 ஸ்காலர்ஷிப் என்று வரம்பு வந்தது, பின்பு அது 95 ஆனது, 1990களில் 85 ஆகச் சுருங்கியது. ஸ்காலர்ஷிப்புக்குத்தான் வரம்பு, ஆட்களுக்கு இல்லை. ஆகவே 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் பல. நெப்ராஸ்காவில் ஆடிய பேரி ஆல்வரெஸ் 1990இல் விஸ்கான்சின் பயிற்சியாளரானபோது இந்தப் பழக்கத்தை அங்கும் கொண்டுபோனார். உங்கள் மகன் சொல்லும் வாட் அந்த வழியில் வந்தவர்தான். ஆனால் ஒன்றை அவனிடம் நினைவூட்டுங்கள்: வாட் ஏற்கெனவே சென்ட்ரல் மிஷிகனில் ஸ்காலர்ஷிப்புடன் ஆடிவிட்டு, அதை உதறி வந்தவர். 2008 முழுவதும் அவரும் ஸ்கவுட் டீமில்தான் இருந்தார்.

முக்கியமான செய்தி வேறு. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு நீங்கி, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டது. ஃபுட்பாலுக்கு 105 பேர். அந்த நேரத்தில் இடம் இழந்த பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்கு உண்டு, புதிதாக வருபவர்களுக்கு இல்லை. பழைய 49 நுழைந்த கதவு, அதாவது பிப்ரவரியில் நாற்பது பேரை ஓடவிட்டு மூன்று பேரை எடுப்பது, பெரிய இடங்களில் ஏறக்குறைய சாத்திக் கிடக்கிறது. 'ப்ரிஃபர்ட் வாக்-ஆன்' என்ற சொல்லுக்கும் சட்டப் பிடிமானம் எதுவும் இல்லை. அது ஒரு பயிற்சியாளரின் வாய்மொழி. அவர் டிசம்பரில் வேறு வேலைக்குப் போய்விட்டால் வாக்கும் அவரோடு போய்விடும். ஆகவே, 105இல் உங்கள் மகனுக்கு இடம் எண்ணப்பட்டிருக்கிறதா, எத்தனை பருவங்களுக்கு என்று நேராகவே கேளுங்கள்.

ஒஹாயோ அம்மா

என் மூத்த மகன் இரண்டு ஆண்டுகளாக டிவிஷன் 3 கல்லூரியில் ஆடுகிறான். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஆகவே அங்கே எல்லோருமே ஒரு வகையில் வாக்-ஆன்கள்தான். படிமேல் ஏறிப் போகிறவர், கீழே நிற்கிறவர் என்ற பிரிவினை இல்லை. வழக்கமான பருவத்தில் பத்து ஆட்டங்கள். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற பெற்றோர். ஆனால் அவன் ஆடுகிறான். பெரிய அரங்கத்தில் உடை மாற்றி நிற்பதைவிடச் சிறிய மைதானத்தில் ஆடுவது மேல் என்பது என் எண்ணம். பழைய 49 ஐயா மாறுபடலாம்.

பழைய 49

அம்மா, உங்கள் கணக்கு சரிதான், என் அப்பாவும் அதையேதான் சொன்னார். ஆனால் எண்பதாயிரம் பேர் அரங்கத்தின் சுரங்கப்பாதையிலிருந்து ஓடி வருவதற்காக நான் அங்கே இருந்தேன் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் மாதத்திலேயே அது பழகிவிட்டது. என்னைவிட எல்லா வகையிலும் மேலான ஆட்டக்காரர்களோடு நாள்தோறும் மோதி, எட்டு முறை தோற்று ஒன்பதாவது முறை ஒருவனைத் தாண்டிப் போகும் அந்த ஒரு நொடிக்கு நான் அடிமையாகியிருந்தேன். ஆடத்தான் வேண்டும் என்று உள்ளுக்குள் துடிக்கிற பிள்ளை டிவிஷன் 3க்குப் போகட்டும். அந்த ஒன்பதாவது முறை போதும் என்கிறவன் மட்டும் வாக்-ஆனாகலாம். இதைத் தந்தையால் சொல்ல முடியாது, பையனைத்தான் கேட்க வேண்டும்.

ஹூஸ்டன்வாசி

எல்லோருக்கும் என் நன்றி. பயிற்சியாளரிடம் 105 பற்றியும் காப்பீடு பற்றியும் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நேற்றிரவு இந்தப் பதில்கள் முழுவதையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன், அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. புளிக்காய்ச்சல் வந்த இடத்தில் சிரித்தான், தோள்பட்டை வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும் அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல், உங்களிடம் ஒன்றைக் கேட்டு எழுதச் சொன்னான்: அந்த 54 பின்னால் வைத்தது எந்தக் கால்?

பழைய 49

இடது கால். மூன்றாவது டௌனில் (மூன்றாம் முயற்சியில்) மட்டும்.