எல்.எல்.ஆரில் (பழகுநர் உரிமத்தில்) ‘கியர் இல்லாத வண்டி’ என்று விழுந்துவிட்டது, என்ன செய்வது?

எல்லோருக்கும் வணக்கம். 34 வயதில்தான் பைக் பழகுகிறேன். வேலைக்குப் போக பஸ்ஸை நம்பி இருக்க முடியவில்லை, அதனால் தம்பியின் பழைய ஸ்ப்ளெண்டரை வாங்கிக்கொண்டேன். பிரவுசிங் சென்டரில் சொல்லி அரசின் சாரதி தளத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். ஆதார் ஓடிபி, தேர்வு எல்லாம் நல்லபடியாக முடிந்து எல்.எல்.ஆரும் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வண்டி வகையில் எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி என்று இருக்கிறது. அதாவது கியர் இல்லாத வண்டி. நடுவில் இருக்கும் அந்த ‘ஓ’வை நான் கவனிக்கவே இல்லை.

ஸ்ப்ளெண்டர் கியர் வண்டி, இதை வைத்துக்கொண்டு அதை ரோட்டில் எடுக்க முடியாது. தினமும் சாயங்காலம் மைதானத்தில்தான் 8 போட்டுப் பழகுகிறேன். இடப்பக்கம் சரியாக வருகிறது, வலப்பக்கம் வளையும்போது கால் ஊன்றிவிடுகிறது.

அலுவலகத்தில் ஒருவர் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார். இன்னொருவர், முதலில் இதிலேயே லைசென்ஸ் எடுங்கள், அப்புறம் கியர் வண்டியைச் சேர்க்கலாம் என்றார். எல்.எல்.ஆர் வாங்கி 22 நாள் ஆகிறது. 30 நாள் முடிந்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். புதிதாகப் போட்டால் அந்த 30 நாளும் முதலிலிருந்து எண்ண வேண்டுமா? பழைய எல்.எல்.ஆரை ரத்து செய்ய வேண்டுமா, அல்லது 6 மாதம் ஆகி அதுவாகக் காலாவதி ஆகட்டும் என்று விடலாமா?

தமிழ்நாட்டில் சமீபத்தில் இப்படி மாற்றியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஏஜென்ட் நம்பர் வேண்டாம், நானே போய்ச் செய்துகொள்கிறேன்.