பிறந்தபோது 2.1 கிலோ, பெரியவனானால் மாரடைப்பா?

நெல்லைச்செல்வி:
என் மகன் முப்பத்தெட்டு வாரம் முடிந்துதான் பிறந்தான், ஆனால் எடை 2.1 கிலோ. இப்போது மூன்று வயது. "எலிக்குஞ்சு மாதிரி கிடந்தவனை நான்தான் தேத்தி விட்டேன்" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்கிறார். பொய்யில்லை, போன ஒரு வருடத்தில் கன்னமும் தொப்பையும் வந்துவிட்டன. இப்போது குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி ஓடுகிறது: எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு வருமாம். உண்மையா, கட்டுக்கதையா?

பழையபதிவேடு:
கட்டுக்கதை இல்லை அம்மா. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1986இல் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். 1920களில் கைக்குழந்தைகள் அதிகம் இறந்த ஏழைப் பகுதிகளில்தான் 1970களில் மாரடைப்புச் சாவும் அதிகம். அதைப் பணக்கார வியாதி என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தோம்? அப்புறம் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் செவிலியர்கள் குழந்தைகளின் எடையை எழுதி வைத்த பழைய பேரேடுகள் கிடைத்தன. 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று தேடினார்கள். நாட்டின் சராசரி இதயநோய் மரண விகிதத்தை 100 என்று வைத்தால், ஒரு வயதில் 18 பவுண்டை (சுமார் 8 கிலோ) தாண்டாதவர்களுக்கு 111. 27 பவுண்டை (சுமார் 12 கிலோ) தொட்டவர்களுக்கு 42.

வெள்ளைக்காரன் கதை என்பீர்கள். மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையிலும் 1934 முதலான பிரசவக் குறிப்புகள் இருந்தன. அங்கே பிறந்த 517 பேரைப் பரிசோதித்து 1996இல் வெளியிட்டார்கள். இரண்டரை கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய். மூன்று கிலோவுக்கு மேல் நல்ல எடையோடு பிறந்தவர்களில் 3 சதவீதம்.

கணக்குவாத்தியார்:
எண்களில் தப்பில்லை, அதிலிருந்து தாவும் முடிவில்தான் தப்பு. எடை குறைந்து பிறந்தவர் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. வளர்ந்த பிறகும் ஏழை; ஈர வீடு, பீடி, கடன். கருவில் நடந்ததையும் அறுபது வருட வாழ்க்கையையும் எப்படிப் பிரிப்பீர்கள்? மைசூரில் அகப்பட்டவர்கள் அந்த வட்டாரத்திலேயே உயிரோடு தங்கியவர்கள் மட்டும்.

இன்னொன்று. சின்ன ஆய்வுகளில் பெரிதாகத் தெரிந்தது, பெரிய ஆய்வுகளில் கரைகிறது. 2002இல் ரேச்சல் ஹக்ஸ்லி குழுவினர் பிறப்பு எடையையும் ரத்த அழுத்தத்தையும் பற்றிய ஆய்வுகளை எல்லாம் தொகுத்தார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் உள்ள ஆய்வுகளை மட்டும் எடுத்தால், ஒரு கிலோ கூடுதலாகப் பிறந்தவருக்கு அழுத்தம் 0.6 புள்ளிதான் குறைவு. கருவில் இன்சுலின்தான் குழந்தையை வளர்க்கிறது. அதைச் சரியாகச் சுரக்காத மரபணு வந்தால் குழந்தை சின்னதாகவும் பிறக்கும், பின்னால் சர்க்கரையும் வரும். அதில் பட்டினிக்கு என்ன வேலை?

பழையபதிவேடு:
வறுமையையும் மரபணுவையும் ஒதுக்கித்தான் பார்ப்போமே. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையிட்டதால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஏழை பணக்காரன் என்றில்லாமல் எல்லாரும் பட்டினி கிடந்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகள் நல்ல எடையில்தான் பிறந்தார்கள். ஆனாலும் ஐம்பது வயதில் அவர்களுக்கு இதயநோய் அதிகம். பஞ்சம் மரபணுவைப் பார்த்தா வந்தது?

அதே 2002 கட்டுரையின் ஹக்ஸ்லிதான் 2007இல் இன்னொன்றும் தொகுத்தார். பதினெட்டு ஆய்வுகள்: ஒரு கிலோ கூடுதல் எடைக்கு இதயநோய் 10 முதல் 20 சதவீதம் குறைவு. அதை ஏன் விட்டீர்கள் சார்?

கணக்குவாத்தியார்:
விட்டது தப்புதான். ஆனால் உங்கள் நெதர்லாந்து ஆய்வில் அந்தக் குழுவின் இதயநோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை ஜெர்மானியர் முற்றுகையிட்டபோது கருவில் இருந்தவர்களுக்கு, வளர்ந்த பிறகு சர்க்கரைக் கோளாறு கூடவில்லையே?

பழையபதிவேடு:
அதுதான் எனக்கு வேண்டியதும். நெதர்லாந்தில் 1945 மே மாதத்தோடு பஞ்சம் முடிந்து சோறு வந்துவிட்டது. லெனின்கிராடில் பிறந்த பிறகும் பட்டினிதான். மெலிந்து பிறந்து மெலிந்தே வளர்ந்த உடம்புக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. மெலிந்து பிறந்து பிறகு கொழுப்பதில்தான் வினை என்று நான் படிக்கிறேன். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1934-44இல் பிறந்தவர்களிடம் பார்த்ததும் அதுவே: பிறக்கும்போது சின்னது, இரண்டு வயதில் ஒல்லி, அதன் பிறகு பதினோரு வயது வரை உயரத்தை மீறி எடை ஏறுகிறது. அவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம்.

பால்வாடிடீச்சர்:
முப்பது வருடம் தராசில் குழந்தைகளைத் தொங்கவிட்டவள் கேட்கிறேன். "மெலிந்து பிறந்தவன் கொழுத்தால் ஆபத்து" என்று நீங்கள் எழுதுவதை ஒரு தாய் படித்துவிட்டு, ஆறு மாதக் குழந்தைக்குக் கஞ்சியைக் குறைத்தால் யார் பொறுப்பு? எடை ஏறாத குழந்தை இதயநோய்க்கு நாற்பது வருடம் காத்திருக்காது தம்பி. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே வாரத்தில் சுருண்டுவிடும்.

கணக்குவாத்தியார்:
டீச்சர் சொல்வதற்கு எண்ணிக்கையும் இருக்கிறது. பிரேசில், குவாதமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஐந்து நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. முதல் இரண்டு வருடம் நன்றாக வளர்ந்தவர்கள் உயரமாகவும் கூடுதல் படிப்போடும் இருந்தார்கள். அதற்குப் பிறகு உயரத்தை மிஞ்சி எடை ஏறியவர்களுக்குத்தான் பெரியவர்களானபின் உடல்பருமனும் ரத்த அழுத்தமும் கூடுதல். எனவே பயமுறுத்தும் வாட்ஸப் செய்தியும் தப்பு, கொழுகொழு என்றால் ஆரோக்கியம் என்பதும் தப்பு. கருப்பைதான் காரணம் என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு.

பழையபதிவேடு:
ஒப்புக்கொள்ள வேண்டாம். புனேயில் பிறக்கும் குழந்தைகளையாவது பாருங்கள். சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மூன்றரை. கை கால் குச்சி, வயிறு ஒட்டல், ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக்கின் குழு அளந்து காட்டியது. நம் ஊர்க் குழந்தைக்குத் தசைதான் முதலில் குறைகிறது.

பால்வாடிடீச்சர்:
செல்வி, பையனின் உயரம் எவ்வளவு? அதைச் சொல்லாமல் தொப்பையைப் பற்றி இவர்கள் எவ்வளவு பேசினாலும் வீண். குழந்தை டாக்டரிடம் போய் உயரம், எடை இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்.

நெல்லைச்செல்வி:
இப்போதுதான் அட்டையை எடுத்துப் பார்த்தேன் டீச்சர். எடை பதினான்கு இடத்தில் எழுதியிருக்கிறது. உயரம் பிறந்த அன்றைக்கு மட்டும், 46 செ.மீ. நாளைக்கு டாக்டரிடம் அளக்கச் சொல்கிறேன். அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். நான் வந்து சொன்னால் நம்பமாட்டார்.