பொம்பெயி இடிபாடுகளும் நேப்பிள்ஸ் தெருவோர உணவும்: வழிகாட்டியுடன் ஒரே நாளில் போய்வர இயலுமா?

தென்றல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குச் செல்கிறேன். ரோமில் ஐந்து இரவுகள் தங்குவதாகத் திட்டம். அவற்றுள் ஒரு நாளைப் பண்டைய இடிபாடுகளுக்கும் தெருவோர உணவுக்கும் ஒதுக்க எண்ணித் தேடியபோது, காலையில் ரோமிலிருந்து பேருந்தில் ஏற்றிச் சென்று, எரிமலை வெடிப்பில் புதைந்த பண்டைய நகரமான பொம்பெயியைச் சுற்றிக் காட்டி, பின்னர் நேப்பிள்ஸ் நகரில் உணவு உலா நடத்தி, இரவில் திரும்பக் கொண்டுவந்து விடும் பயணங்கள் பல கண்ணில் பட்டன. விளம்பரத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு 71 வயது. வரலாறு என்றால் உயிர். ஆனால் முழங்கால் வலி உண்டு. உணவில் அவருக்கு விலக்கு எதுவும் இல்லை. அம்மாவோ சுத்த சைவம். முட்டையும் சேர்த்துக்கொள்ள மாட்டார். இப்படி இருவரையும் வைத்துக்கொண்டு இத்தகைய கூட்டுப் பயணத்தில் சேர்வது பணத்துக்கும் உழைப்புக்கும் தகுந்ததா, அல்லது இடிபாட்டுக்கு ஒரு வழிகாட்டியையும் உணவுக்கு வேறொருவரையும் தனித்தனியே அமர்த்திக்கொள்வது நல்லதா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வழிப்போக்கன் எழுதியது:

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் சொல்லும் அதே வகைப் பயணத்தில் நாங்கள் நால்வர் சென்றோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்றார்கள். அதில் பேருந்துக்குள்ளேயே ஆறு மணி நேரம் கழிந்தது. பொம்பெயிக்குள் கிடைத்தது இரண்டே மணி நேரம். “நேப்பிள்ஸ் தெருவோர உணவு” என்று அச்சிட்டிருந்தது, கடைசியில் இடிபாட்டு வாயிலுக்கு எதிரே உள்ள ஓர் உணவகத்தில் மேசை போட்டுப் பரிமாறிய ஆறிப்போன பீட்சாவாக முடிந்தது. நேப்பிள்ஸ் தெருக்களைப் பேருந்தின் கண்ணாடி வழியேதான் பார்த்தோம்.

ஆகவே பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதிலை வாங்குங்கள். இடிபாட்டுக்குள் எத்தனை மணி நேரம்? உடன் வருபவர் உரிமம் பெற்ற வழிகாட்டியா, அல்லது கூட்டத்தை எண்ணி ஏற்றி இறக்கும் துணையாள் மட்டுமா? உணவு எந்தத் தெருவில், எத்தனை கடைகளில்? இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டுதல் என்பது தேர்வெழுதி உரிமம் பெற வேண்டிய தொழில்; 2023இல் வந்த சட்டம் அதற்கென ஒரு தேசியப் பதிவேட்டையே ஏற்படுத்தியிருக்கிறது. துணையாளாக வருபவர் தொல்லியல் வளாகத்துக்குள் நின்று விளக்கம் சொல்லக் கூடாது. இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் பெரும்பாலும் மழுப்பிவிடும்.

பேருந்தைவிட ரயில் எவ்வளவோ மேல். ரோமின் முதன்மை ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸுக்கு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும்தான். அங்கு அதே நிலையத்தின் கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா என்னும் உள்ளூர் ரயிலைப் பிடித்து, சொரெந்தோ செல்லும் தடத்தில் ‘பொம்பெயி ஸ்காவி’ நிறுத்தத்தில் இறங்கினால் நுழைவாயில் சில நிமிட நடையில் இருக்கிறது. அந்த ரயில் பழையது, நெரிசல் மிகுந்தது. பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும், இடிபாட்டையும் உணவையும் ஒரே நாளில் இணைக்கும் எண்ணத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நல்ல வழிகாட்டி அமைந்தால் பொம்பெயியே ஒரு தெருவோர உணவு நகரமாகத் தெரியும். வீதியோரமாகக் கல்லால் கட்டிய கடைமேடைகளும், அவற்றில் பதித்த வாயகன்ற மண்சாடிகளும் எங்கு திரும்பினாலும் நிற்கின்றன. தெர்மோபோலியம் என்று இன்று அழைக்கப்படும் இத்தகைய உணவுக்கடைகள் ஏறத்தாழ 80 அந்நகரில் அடையாளம் காணப்பட்டுள்ளன. சிறிய வீடுகள் பலவற்றில் அடுக்களையே கிடையாது. எளிய மக்கள் தெருவில் வாங்கித்தான் உண்டார்கள். 2020 இறுதியில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்ட ஐந்தாம் வட்டாரத்துக் கடையின் மேடையில் வாத்தும் சேவலும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. சாடிகளுக்குள் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. விற்ற பண்டத்தையே விளம்பரமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மற்றொரு கடையின் சாடியிலிருந்து ஏறக்குறைய 3 கிலோ நாணயங்கள் எடுக்கப்பட்டன. எரிமலை வெடித்த பதற்றத்தில் கல்லாப் பணத்தை அதில் கொட்டிவிட்டு ஓடினாரோ என்னவோ. இவற்றைப் பார்த்த அன்று மாலையே நேப்பிள்ஸில் ஒரு கடை வாயிலில் நின்று, நான்காக மடித்த பீட்சாவைக் காகிதத்தில் ஏந்திச் சாப்பிட்டால் அந்தத் தொடர்ச்சி தானே புரியும். எங்கள் பயணத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. நான் பின்னர் தனியே சென்றபோதுதான் கண்டேன்.

சாம்பல்மேடு எழுதியது:

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் பொம்பெயி எதற்கு? அந்நகரின் பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தோண்டப்பட்டிருக்கிறது என்றாலும் நடப்பவருக்கு அதுவே மிக அதிகம். வீதிகளில் பதித்திருப்பவை மேடுபள்ளமான எரிமலைக் கற்கள், வண்டிச் சக்கரங்கள் அவற்றில் ஆழமாகத் தடம் போட்டிருக்கின்றன, நிழலும் குறைவு.

அதே எரிமலையால் புதைந்த சிறிய நகரமான ஹெர்குலேனியத்தைப் பரிந்துரைக்கிறேன். அதே ரயில் தடத்தில் நேப்பிள்ஸிலிருந்து இருபது நிமிடத்தில் வரும் ‘எர்கொலானோ ஸ்காவி’ நிறுத்தம்; அங்கிருந்து நேராக இறங்கும் ஒரே சாலை. (திரும்பும்போது அதே சாலை ஏற்றம் என்பதை மறைக்க விரும்பவில்லை, வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.) இரண்டரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது பொம்பெயியின் மேல் முதலில் விழுந்தது சாம்பலும் நுரைக்கல்லும்; ஹெர்குலேனியத்தையோ கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த பெருக்கு அலையலையாக வந்து சுமார் 20 மீட்டர் ஆழத்தில் புதைத்தது. அந்தக் கடும் வெப்பம் மரத்தைச் சாம்பலாக்காமல் கரியாக்கிவிட்டதால், உத்தரங்களும் கதவுகளும் மாடித் தளங்களும்கூட எஞ்சியிருக்கின்றன.

உணவுக்கும் அந்த ஊரில் பஞ்சமில்லை. ஒரு குடியிருப்புத் தொகுதியின் அடியில் இருந்த கழிவுக் குழியை ஆய்வாளர்கள் சலித்துப் பார்த்தபோது அத்திப்பழ விதைகள், முட்டை ஓடுகள், ஒலிவக் கொட்டைகள், மீன் எலும்புகள், கடல்முள்ளெலியின் ஓடுகள் எல்லாம் கிடைத்தன. அரசர் விருந்தைப் பற்றி ஏடுகள் சொல்லும். சாதாரணக் குடித்தனக்காரர் என்ன தின்றார் என்பதைக் கழிவுக் குழிதான் சொல்லும்.

பச்சைக்கறி எழுதியது:

நானும் முட்டை சேர்க்காத சைவம். நேப்பிள்ஸில் நான்கு நாட்கள் இருந்தேன். அம்மாவைப் பட்டினி போடாமல் அழைத்து வர முடியும். ஆனால் பார்வைக்குச் சைவமாகத் தோன்றுவதெல்லாம் அங்கு சைவம் அல்ல. மிளகும் பாதாமும் போட்ட தராள்ளி என்னும் முறுகலான வளையம் பன்றிக் கொழுப்பில் பிசையப்படுவது; எனக்கு இதைத் தெரிவித்தது மூன்றாவது வளையத்தை நான் கடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரரே. அடுக்கடுக்காகப் பிரியும் ஸ்ஃபொலியாத்தெல்லாவின் மேல்மாவிலும் மரபுப்படி அதே கொழுப்புதான். உள்ளே வைக்கும் பூரணத்தில் முட்டையும் சேரும். பாபா என்னும் இனிப்பில் முட்டையோடு ரம்மும் உண்டு. பொரித்த பீட்சாவின் உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டியுடன் பன்றி வறுவலின் துணுக்குகளை வைப்பது வழக்கம். ஃப்ரித்தாத்தீனா என்னும் பாஸ்தா வடையில் பட்டாணியோடு இறைச்சியும் கலந்திருக்கும். பாலாடைக்கட்டிகளிலும் பல, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கப்படுபவை. அம்மா அதைப் பொருட்படுத்துவாரா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உண்ணக்கூடியவை. மரினாரா பீட்சாதான் அம்மாவுக்கு உற்ற தோழன்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஒலிவ எண்ணெய், அவ்வளவே. நேப்பிள்ஸ் மரபில் பீட்சா மாவு என்பது மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கு மட்டுமே. மக்காச்சோளக் களியை முக்கோணமாக வெட்டிப் பொரிக்கும் ஸ்காலியோத்ஸி, கத்தரிக்காய்ப் பொரியல், உப்பிய மாவு உருண்டைகள் ஆகியவற்றைக் காகிதக் கூம்பில் அள்ளித் தருவார்கள்; ஆனால் அதே எண்ணெயில் மீனும் பொரிகிறதா என்று கேட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை உறையவைத்துத் தரும் கிரானித்தாவில் ஐயமே வேண்டாம். “சென்ஸா ஸ்த்ரூத்தோ?” என்ற ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், “பன்றிக் கொழுப்பு இல்லாமலா?” என்று பொருள்.

உணவு உலாவில் சேர்வதாக இருந்தால் “சைவத்துக்கு மாற்று உண்டு” என்ற பொதுவான உறுதியை நம்ப வேண்டாம். மாற்று என்பது சில இடங்களில் மற்றவர்கள் ஐந்து கடையில் உண்ணும்போது நமக்கு ஐந்து முறையும் அதே மார்கெரித்தா பீட்சாத் துண்டு என்று ஆகிவிடுகிறது.

தென்றல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பேருந்துப் பயணத்தைக் கைவிட்டாயிற்று. தராள்ளி பற்றிப் படித்ததும் அம்மா கைப்பையில் என்னென்ன எடுத்துச் செல்லலாம் என்று பட்டியல் போடத் தொடங்கிவிட்டார். பாலாடைக்கட்டி விஷயத்தில் அவர் அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனாலும் ரோமிலிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் என்பது அப்பாவுக்குக் கடினமோ என்று தோன்றுகிறது. நேப்பிள்ஸ் வரை போகாமலே இந்த இரண்டையும் இணைக்க வழி உண்டா?

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

உண்டு, அம்மா. ஓஸ்தியா அந்திகாவுக்குச் செல்லுங்கள். பண்டைய ரோமின் துறைமுக நகரம் அது. ரோமில் பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டியுள்ள போர்த்தா சான் பவ்லோவிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம். நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் வாங்கும் அதே சாதாரணச் சீட்டே செல்லும். திங்கட்கிழமை விடுமுறை. பைன் மர நிழலும் புல்வெளியும் உண்டு. பொம்பெயியின் நெரிசல் இல்லை. வீதிக் கற்கள் அங்கும் மேடுபள்ளம்தான் என்றாலும் உட்கார இடம் தாராளம்.

வழிகாட்டியிடம் மூன்று இடங்களைத் தவறாமல் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, தியானா வீதியில் உள்ள உணவுக்கடை: பளிங்கு மேடை, உள்ளே படியடுக்கு, அதற்கு மேலே சுவரில் உணவுப் பொருட்களின் ஓவியம், பின்புறம் அமர்ந்து உண்ண முற்றம். இரண்டு, எரிமலைக் கல்லால் ஆன பெரிய திரிகைகள் இன்னும் வரிசையாக நிற்கும் அடுமனை. கழுதைகள் சுற்றி வந்து மாவரைத்த இடம். மூன்று, நாடக அரங்கின் பின்னால் இருக்கும் வணிகர் சதுக்கம். ஒவ்வோர் அலுவலகத்தின் முன்பும் கருப்பு வெள்ளைக் கற்களால் கப்பல், தானியம் அளக்கும் மரக்கால், யானை என்று தரைச் சித்திரம் பதித்திருக்கிறார்கள். எந்த ஊர் வணிகர், என்ன சரக்கு என்பதற்கான பெயர்ப்பலகை அது. ரோம் எதை உண்டது என்பதைவிட, அந்த உணவு எங்கிருந்து வந்தது என்பதை அறிய இதைப் போன்ற இடம் வேறில்லை என்பேன்.

காலை திறந்ததும் உள்ளே சென்று, நண்பகலுக்குள் அதே ரயிலில் திரும்பினால், இறங்கும் நிலையத்திலிருந்து சிறு நடையில் தெஸ்தாச்சோ சந்தை. பிற்பகலில் கடைகள் மூடத் தொடங்கிவிடும், ஞாயிறு விடுமுறை. சந்தைக்கு அருகில் புல் முளைத்த ஒரு குன்று தெரியும். அது மலையே அல்ல. ஒலிவ எண்ணெய் வந்த மண்சாடிகளை உடைத்துக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு. உயரம் சுமார் 35 மீட்டர். ஏறத்தாழ 5 கோடிச் சாடிகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஊறிய சாடியை மறுபடி பயன்படுத்த முடியாது என்பதே காரணம். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். அப்பாவுக்கு சுப்ளீ என்னும் இறைச்சிச் சாறு சேர்ந்த அரிசி உருண்டை. அம்மாவுக்குப் பாலாடைக்கட்டி இல்லாத, தக்காளி மட்டும் தடவிய பீட்சா ரோஸ்ஸா. பூசணிப் பூப் பொரியலை மட்டும் அம்மாவுக்கு வாங்கிவிடாதீர்கள். ரோமில் அதற்குள் நெத்திலி போன்ற உப்புமீன் வைப்பார்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

கல்வெட்டுப்பித்தன் சொல்வது நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆயினும் வரலாறு என்றால் உயிர் என்னும் ஒருவரை இத்தாலி வரை அழைத்துச் சென்று வெசுவியஸைக் காட்டாமல் திருப்பிக் கொண்டுவருவதா? ஐந்து இரவுகளில் ஒன்றை நேப்பிள்ஸுக்கு மாற்ற முடிந்தால் பயணக் களைப்புப் பாதியாகக் குறையும். காலையில் ஹெர்குலேனியம், நண்பகலில் அறையில் ஓய்வு, மாலை ஐந்து மணிக்குப் பிஞ்ஞசெக்கா சந்தையிலிருந்து திரிபுனாலி வீதி வரை ஒரு வழிகாட்டியுடன் உணவு உலா. மறுநாள் காலையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். அங்கு 1938இல் பொம்பெயியில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பமும் இருக்கிறது. ‘பொம்பெயி லட்சுமி’ என்று பெயர் வைத்தாலும் அவள் யட்சியாக இருக்கலாம் என்பதே பலர் கருத்து. அப்பா அவள் முன்னால் அரை மணி நேரமாவது நின்றுவிடுவார் பாருங்கள்.

தென்றல் எழுதியது:

இரவு உணவின்போது அப்பாவிடம் இரு திட்டங்களையும் படித்துக் காட்டினேன். தந்தச் சிற்பம் என்ற இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். ஒரு இரவை நேப்பிள்ஸுக்கு மாற்றிவிட்டேன். திங்களன்று ஹெர்குலேனியமும் உணவு உலாவும், செவ்வாய் காலை அருங்காட்சியகம். உணவு உலாவுக்கு ஆறு பேருக்கு மேல் சேர்க்காத ஒருவரிடம் அம்மாவின் விலக்குகளை எழுதி அனுப்பியிருக்கிறேன். கடை வாரியாகப் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

சற்றுப் பொறுங்கள். அந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமைதான் வார விடுமுறை. ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ தள்ளி வையுங்கள்.

தென்றல் எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள், ஐயா. ஞாயிறும் திங்களுமாக மாற்றிவிட்டேன். அது மாதத்தின் இரண்டாம் ஞாயிறுதான், ஆகவே முதல் ஞாயிற்றின் இலவச அனுமதிக் கூட்டத்திலும் சிக்க மாட்டோம்.