பழைய வீட்டின் உட்கூரைக் காரையில் மீண்டும் மீண்டும் விரிசல்

கேள்வி:
எங்கள் பழைய வீட்டின் உட்கூரை, நெருக்கமாக அடித்த மர ரீப்பர்களின் அடியில் சுண்ணாம்புக் காரை பூசி அமைக்கப்பட்டது. கூடத்தின் குறுக்கே ஓடும் விரிசலை இருமுறை பட்டி வைத்து அடைத்தேன். இருமுறையும் சில மாதங்களில் அதே கோடு திரும்பத் தெரிந்தது. இப்போது ஓரிடத்தில் காரை சற்றுத் தொங்குகிறது. முழுவதையும் இடிக்க மனம் வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

மறுமொழி 1:
ஐயா, விரிசலை அடைப்பதற்கு முன்னால், காரை ரீப்பரை இன்னும் பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பூசும்போது ஈரக் காரை ரீப்பர் இடைவெளிகளில் நுழைந்து மேற்புறம் பிதுங்கி, இறுகியபின் கொக்கிபோல் நின்று பாரம் தாங்குகிறது. அதிர்வாலும் கசிவாலும் அந்தக் கொக்கிகள் முறிந்துவிட்டால் எந்தப் பட்டியும் நிற்காது. விரிசலின் இருபுறமும் விரல் கணுவால் தட்டுங்கள்; பொள்ளலாக ஒலித்தாலோ, உள்ளங்கையால் மெல்ல அழுத்தும்போது அசைந்தாலோ, அங்கே பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் அகன்ற வாஷர் கோத்த திருகாணிகளை ரீப்பரைப் பிடிக்கும்படி செலுத்தி, ஒவ்வொன்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் காரை மேலேறி அமரும். ஒரே மூச்சில் இறுக்கினால் உடைந்துவிடும். அதன் பிறகே விரிசலைச் சற்று அகலமாகக் கீறி, தூசி நீக்கி, ஈரப்படுத்தி நிரப்பி, மேலே கண்ணாடியிழை வலைநாடா ஒட்டுங்கள்.

மறுமொழி 2:
நிரப்பும் பொருளிலும் கவனம் தேவை. டப்பாவில் குழைத்தே வரும் பட்டி நீர் வற்றிக் காய்வதால் சுருங்கும். ஆழமான விரிசலுக்கு அது ஆகாது. தூளாக வாங்கிக் குழைக்கும் ஜிப்சம் சாந்து நீருடன் வேதிவினை புரிந்து இறுகுவதால் அவ்வளவாகச் சுருங்காது. ஆனால் ஈரம் தொடர்ந்து ஏறும் இடத்தில் ஜிப்சம் இளகிவிடும் என்பதால், பழுப்புக் கறை இருந்தால் முதலில் கசிவை நிறுத்துங்கள்.

மறுமொழி 3:
மேலே சொன்ன இரண்டையும் ஏற்கிறேன். எனினும் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயமும், புள்ளி புள்ளியாகப் புடைத்த அலங்காரப் பூச்சில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும்; இவற்றின் தூசி உடலுக்குக் கேடு. ஆய்வகத்தில் மாதிரியைச் சோதிக்கும் வரை தயவுசெய்து உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். தொங்கும் பகுதிக்குப் பலகையும் முட்டுக்காலும் கொடுங்கள். அதுவரை அதன் அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இன்று தட்டிப் பார்த்தேன். இரண்டு இடங்கள் பொள்ளலாக ஒலிக்கின்றன, அவற்றில் ஒன்று மேல்தளக் குளியலறைக் குழாய்க்கு நேர் கீழே இருக்கிறது. முட்டுக் கொடுத்துவிட்டேன். குழாயைச் சரிசெய்து காரை நன்கு உலர்ந்த பிறகே திருகாணிகளைத் தொடுவேன்.