ஆன்டிகனி நாடகம்: இஸ்மினியை எப்படி எழுதுவது?

பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழங்கால கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' எனக்குள் என்ன செய்தது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு முறை எழுதிக் கொடுத்தும், "இது கதைச் சுருக்கம், நீ எங்கே?" என்று திரும்பி வந்துவிட்டது.

நாடகத்தை மூன்று முறை படித்தேன், ஒரு முறை வாய்விட்டு. அரசன் கிரயோனின் தடையை மீறி, சகோதரன் பிணத்தின் மேல் மண் தூவிய ஆன்டிகனியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என் மனம் அவள் சகோதரி இஸ்மினியிடமே நிற்கிறது. முதலில் ஆன்டிகனிக்கு உதவப் பயந்து மறுக்கிறாள். பிறகு கிரயோன் முன்னால் பழியில் பங்கு கேட்கிறாள், ஆன்டிகனி சேர்த்துக்கொள்ளவில்லை. கிரயோன் இஸ்மினியை விட்டுவிடுகிறான். அப்புறம் அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. சாகப் போகும்போது ஆன்டிகனி, அரச குடும்பத்தில் மிஞ்சியவள் தான் ஒருத்திதான் என்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் அக்கா தனியாகப் போராடியபோது வாய்மூடி நின்றவள் நான்.

இதை எழுதினால் சொந்தக் கதையாகிவிடுகிறது, அழித்தால் மறுபடி சுருக்கம். பார்த்த குறிப்புப் புத்தகங்கள் கிரயோன், ஆன்டிகனி மோதலோடு நின்றுவிடுகின்றன.

நாடகத்தை விட்டு விலகாமல் என் அனுபவத்தையும் சொல்ல, இஸ்மினியின் எந்தக் காட்சியில் தொடங்கலாம்?