பெட்ரோல் ஜெனரேட்டரை கேஸுக்கு மாற்றியபின் இழுவை இல்லை

கேள்வி:
காட்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டருக்குப் போன வாரம் கேஸ் கிட் போட்டேன். பெட்ரோலில் மெஷினும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தே ஓடும், இப்போது மெஷின் சூடேறத் தொடங்கியதும் இன்ஜின் சத்தம் அமுங்கி டியூப்லைட் மங்குகிறது. அப்படித்தான் இருக்கும் என்கிறார் கிட் போட்டவர். உண்மையா?

பதில்:
ஓரளவு உண்மைதான் அண்ணா. கேஸ் ஆவியாகவே உள்ளே போவதால் காற்றுக்கான இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும், புரோபேன் என்றால் கலவையில் சுமார் 4 சதவீதம். பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் குளிர வைக்கும், அந்த லாபமும் போய்விடுகிறது. கேஸையும் காற்றையும் கலக்கும் மிக்ஸர் வேறு காற்றுவழியை நெருக்கும். மொத்தத்தில் இழுவை 10 சதவீதம் குறைவது சகஜம், அதற்கு மேல் என்றால் செட்டிங்தான். முக்கால் லோடு கொடுத்துவிட்டு கேஸ் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் தெளிகிற இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

பதில்:
நான் ஏலகிரி. மலை உயரத்துக்கே இங்கே இன்னொரு 10 சதவீதம் போகிறது, காட்பாடியில் அந்தக் கவலை இல்லை. சிலிண்டர் மேல் பனி பூத்திருந்தால் கேஸ் போதுமான வேகத்தில் ஆவியாகவில்லை என்று அர்த்தம். கடைக்கு 19 கிலோ சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டர் வேண்டாம். ஷட்டருக்குள் வைத்து மட்டும் ஓட்டாதீர்கள், கேஸ் என்றாலும் புகை ஆளைக் கொல்லும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒன்றரைச் சுற்று திறந்ததும் மெஷின் ஓடுகிறது. ஃப்ரிட்ஜை மட்டும் தனியாகப் போடுகிறேன்.