திகில் படத்துக்குத் துணையா ஒரு போலி ஆவணப்படம்: வேலை தெரிஞ்சவங்க பகிருங்க

கட்டிங்டேபிள்:
பாடம்னா 'பிளேர் விட்ச்'தான்: சூனியக்காரியைத் தேடிக் காட்டுக்குள் போய்க் காணாமப் போன மாணவர்கள் எடுத்த டேப்னு சொல்லிக் காட்டின திகில் படம். படம் 1999 ஜூலையில் வந்தது. அதுக்குச் சில நாள் முன்னாடி அமெரிக்க டிவியான ஸை-ஃபை சேனலில் 'கர்ஸ் ஆஃப் தி பிளேர் விட்ச்' ஓடிச்சு, முக்கால் மணி நேரம். போலீஸ், உறவுக்காரங்க பேட்டியெல்லாம் படத்துக்குள்ளேயே வைக்கறதாத்தான் முதல் யோசனை. காட்டுக்குள் எடுத்த டேப்பே தனியா நிக்கும்னு எடிட்டில் தெரிஞ்சதும் அந்த வகைச் சரக்கு டிவிக்குப் போயிடுச்சு. படத்தில் ஊர்க்காரங்க ரெண்டு வரியில் சொல்லிட்டுப் போற ரஸ்டின் பார்ங்கற கொலைகாரன் கதைக்கு இதில் கறுப்பு வெள்ளை நியூஸ்ரீலே (அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓட்டின செய்திப் படம்) இருக்கு. பின்கதைச் சுமையை இது தூக்கிக்கிட்டதால் படம் நேரா காட்டுக்குள் நடக்க முடிஞ்சது. துணைப்படத்தில் பேயைக் காட்டினீங்கன்னா தியேட்டரில் விற்க ஒண்ணும் மிஞ்சாது.

கேசட்ராசா:
பழசாக்கற இடத்தில்தான் பாதிப் பேர் மாட்டறாங்க. ரெடிமேட் கீறல் லேயரைப் போட்டா ஒரே கீறல் சில நொடிக்கு ஒரு தடவை அதே மூலையில் திரும்ப வரும்; ரெண்டாவது சுத்துலேயே கண்ணு பிடிச்சிடும். நிஜ விஎச்எஸ் வீடியோ கேசட் டெக்கில் பதிஞ்சு, அதை இன்னொரு கேசட்டுக்கு டப் பண்ணி, திரும்ப கம்ப்யூட்டருக்கு ஏத்துங்க. சிவப்புச் சட்டையோட நிறம் விளிம்பைத் தாண்டி வழியும், ஃப்ரேமோட அடிவிளிம்பில் மெல்லிசா ஒரு பட்டை நெளியும். ரெண்டு டப்போட நிறுத்துங்க, மூணாவதில் முகம் கரைஞ்சிடும். இன்னொண்ணு, விஎச்எஸ் வந்ததே 1976-இல். 1971 நிகழ்ச்சின்னு தலைப்பு போட்டுட்டு அந்த நெளியற பட்டையைக் காட்டினா, மறுஒளிபரப்பில் யாரோ வீட்டில் பதிஞ்சதுன்னு ஒரு காரணமும் சொல்லணும்.

ஒலிப்பெட்டி:
1940கள் நியூஸ்ரீலுக்கு மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 5,000-க்கு மேலே வெட்டுங்க. அறிவிப்பாளர் மூச்சு விடாம படிக்கணும், இடைவெளி விட்டா இன்றைய குரல் தெரிஞ்சிடும். இன்றைய பேட்டிகளில் கை வைக்காதீங்க. ஃபேன் சத்தம், வெளியே போற லாரி எல்லாம் இருந்துட்டுப் போகட்டும்.

நிழல்படி:
பேட்டிக்கு வசனம் எழுதிக் கொடுத்தா அத்தனையும் வீண். அஞ்சாறு தகவல் மட்டும் கொடுங்க, தேதி பெயர் மட்டும் பிசகக் கூடாது. இருபது நிமிஷம் பேச விட்டு நாற்பது நொடி எடுங்க. எடுக்கற துண்டில் சம்பந்தமில்லாத ஒரு சலிப்பு இருக்கட்டும். பயத்தோட பேசற ஷெரீஃபை எவனும் நம்ப மாட்டான், ஃபைல் எங்கேன்னு தேடற ஷெரீஃபை நம்புவான். பார்வை லென்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கற ஆள் மேல. 'காணவில்லை' போஸ்டரில் போடற போன் நம்பர் உங்க கையில் இருக்கற நம்பரா இருக்கணும்.

கட்டிங்டேபிள்:
கவிழ்ந்த கேஸும் அதே ஸை-ஃபை சேனல்தான். 2004-இல் 'தி வில்லேஜ்' படத்துக்காக அதோட இயக்குநர், மாஹேயில் பிறந்த ஷியாமளனைப் பத்தி மூணு மணி நேர நிகழ்ச்சி, அவரோட 'புதைஞ்ச ரகசியம்'னு. அவருக்கும் சேனலுக்கும் நிஜமாவே தகராறுங்கற மாதிரி பத்திரிகைகளுக்கும் சேதி விட்டாங்க. கடைசியில் புரளிதான்னு சேனலே ஒத்துக்க வேண்டியதாச்சு. கதையில் வர்ற சூனியக்காரியைப் பத்தி ரீல் விட்டா ரசிகன் சிரிச்சுக்குவான், நிருபர்கிட்டே விட்டா சிரிக்க மாட்டான்.

கேசட்ராசா:
நிஜ ஊர்ப் பெயரும் வேண்டாம். மேரிலாந்தில் பர்கிட்ஸ்வில் நிஜமான ஊர், அங்கே அப்படி ஒரு சூனியக்காரி கதையே கிடையாது. படம் பார்த்துட்டு வந்தவங்க ஊர்ப் பெயர்ப் பலகையைப் பிடுங்கிட்டுப் போனாங்க.